செயலாளர் ஆண்டறிக்கை 2025-26

பெங்களூரு ராமமூர்த்தி நகர் தமிழ்ச் சங்கத்துக்காரங்க எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் விழா, கோலப்போட்டி நல்லபடியா முடிஞ்சது. நவம்பர் 1 ராஜ்யோத்சவாவுக்கு (கர்நாடக மாநிலம் உருவான நாள்) வழக்கம்போல கொடியேத்தி மைசூர்பாக் கொடுத்தோம். ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு நடக்குது, பிள்ளைங்க 9 பேர் வர்றாங்க.

இப்ப படம் போட்ட விஷயம். பொம்பளைங்க எடுத்த படங்களா மாசம் ஒண்ணு போடலாம்னு போன பொதுக்குழுவுல நான் சொன்னப்ப எல்லாரும் கை தட்டுனீங்க. முதல்ல போட்டது லட்சுமி ராமகிருஷ்ணனோட ஆரோகணம் (2012). ராமமூர்த்தி நகர் முழுக்க வாட்ஸ்அப்ல சொல்லியும் வந்தது 14 பேர், அதுல ரெண்டு பேர் ஐபிஎல் ஸ்கோர் பாத்துக்கிட்டிருந்தாங்க. காளிதாஸ்ல (1931) நடிச்ச டி.பி.ராஜலட்சுமி 1936லயே மிஸ் கமலான்னு ஒரு படம் டைரக்ட் பண்ணாங்க, கட்டபொம்மன் எடுத்த நம்ம கோலார் பக்கத்து பி.ஆர்.பந்துலுவோட பொண்ணு பி.ஆர்.விஜயலட்சுமி 1985ல சின்ன வீடு படத்துக்கு கேமரா பண்ணாங்கன்னு நான் ராத்திரி முழிச்சு எழுதிட்டு வந்து பேசுனா, "சார், படத்தப் போடுங்க"ன்னு பின்னாடியிருந்து ஒரு குரல்.

அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் வீட்டம்மா கேட்டாங்க, "எடுத்தவங்க பொம்பளை, நடிச்சவங்க பொம்பளை, பாத்தது மட்டும் நீங்களா?" அப்பதான் உறைச்சது, மகளிர் அணி அஞ்சு பேரும் படம் முடியற வரைக்கும் பின்கட்டுல போண்டா போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க, நானும் சூடா ரெண்டு தின்னுட்டுதான் வந்தேன்.

அதனால அடுத்த மாசத்துலயிருந்து டிபன் வெளிய சொல்லிட்டோம். சில்லுக்கருப்பட்டி (2019) போட்டப்ப லீலா சாம்சன் வர்ற கதைக்கு நம்ம பெரியம்மாக்கள் கண்ணத் தொடச்சத நான் பாத்தேன். இறுதிச்சுற்றுக்கு (2016) எங்கயும் இல்லாத அதிசயமா சேர் பத்தல, பக்கத்து வீட்டு கன்னடக்காரங்க கூட வந்தாங்க. இப்படியிருக்க டிபன் செலவு ஜாஸ்தின்னு சிலர் பேசிக்கிறதா கேள்வி. அந்த சிலர் ஒரு படத்துக்கும் வரல, சந்தாவும் கட்டல.

வரவு செலவு பொருளாளர்கிட்ட இருக்கு, யார் வேணாலும் பாக்கலாம். கையிருப்பு போன வருஷத்தை விடக் கொஞ்சம் கம்மி, புரொஜெக்டர் வாடகையும் அதுல ஒரு காரணம்தான், மறைக்கல. ஆனா சந்தா பாக்கி 23 பேர் (வருஷத்துக்கு 500 ரூபா, இந்திரா நகர்ல ரெண்டு காபி குடிச்சா போயிடும்). பேரை வாசிச்சிடலாம்னு தலைவர் சொன்னார், நான்தான் இந்த வருஷம் வேணாம்னேன்.

ஹால் கொடுத்தவங்களுக்கும், சேர் தூக்குன பசங்களுக்கும், தலைவர், பொருளாளர், மகளிர் அணி எல்லாருக்கும் நன்றி.

எனக்கும் முட்டி வலி. இளவட்டம் யாராவது பொறுப்பெடுத்தா சந்தோஷமா சாவியைக் கொடுத்துடுவேன், யாரும் வரலேன்னா என்ன பண்றது, இருக்கேன். அடுத்த மாசம் சுஹாசினி எடுத்த இந்திரா (1995) போடறோம். செலவைக் குறைக்க டிபன் நாமளே போடலாம்னு முடிவு, ஆனா இந்த தடவை அடுப்படி ஆம்பளைங்களுக்கு. பேர் கொடுக்கச் சொல்லி மூணு வாரமாச்சு. இதுவரைக்கும் ரெண்டு பேர், அதுல ஒண்ணு நான்.