ஒரே கப்பல், இரண்டு பட்டியல்: காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தாருக்கு வணக்கம்.

'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கப்பலில் வேலை பார்த்து இறந்துபோன இந்திய மாலுமிகளுக்காக எழுதுகிறேன். அவர்களில் எனக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

அந்தக் கப்பல் 1940 செப்டம்பர் 13 அன்று லிவர்பூலை விட்டு, ஓ.பி. 213 கப்பல் அணியோடு கனடாவுக்குக் கிளம்பியது. ஜெர்மனியின் விமானக் குண்டுவீச்சுக்குத் தப்பட்டும் என்று 90 பிள்ளைகளை அதில் ஏற்றியிருந்தார்கள். 17ஆம் தேதி அதிகாலையிலேயே காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் பிரிந்துவிட்டன. அன்றிரவு ஜெர்மனியின் யு-48 நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கியது. சுமார் அரை மணி நேரத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. கொந்தளித்த கடலில் படகுகளுக்குள் தண்ணீர் ஏறியது. படகில் ஏறிய பிறகும் குளிரிலேயே பலர் செத்தார்கள். பிள்ளைகளில் 77 பேர் திரும்பவில்லை.

பிள்ளைகளின் கதை பலருக்கும் தெரியும், தெரியவும் வேண்டும். ஆனால் அந்தக் கப்பலின் ஊழியர்களில் பெரும்பாலோர் 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இந்தியர்கள். பிரிட்டிஷ் மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்கு. எட்டு நாள் கடலில் அலைந்த பிறகு மீட்கப்பட்ட 12ஆம் எண் படகிலும் அவர்கள்தான் அதிகம்.

லண்டன் டவர் ஹில்லில் உங்கள் பராமரிப்பில் உள்ள வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவிடத்தில் கப்பல் வாரியாகப் பெயர்கள் பொறித்திருக்கிறீர்கள். இந்தக் கப்பலும் அங்கே இருக்கிறது, அதில் இறந்த லஸ்கர்கள் மட்டும் இல்லை. அவர்களுடைய பெயர்கள் மும்பை, சிட்டகாங் நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. பதிவேட்டில்தான் இருக்கிறதே என்பீர்கள். சரி, அது போதுமென்றால் மற்றவர்களுக்கு மட்டும் கல் எதற்கு? பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோரையும் ஒரேபோல நினைவுகூர்வது உங்கள் அடிப்படைக் கொள்கை. முதல் உலகப் போரில் ஆப்பிரிக்க, ஆசிய வீரர்கள் விஷயத்தில் அது மீறப்பட்டதற்கு 2021இல் மன்னிப்பும் கேட்டீர்கள். அது நல்ல காரியம். அதே கண்ணோடு இரண்டாம் போரின் வணிகக் கப்பல்களையும் பாருங்கள்.

பெயர்களைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை, உங்கள் பதிவேட்டிலேயே இருக்கின்றன. டவர் ஹில்லில் அந்தந்தக் கப்பலின் கீழ் அவற்றைச் சேருங்கள். கல்லில் இடமில்லை என்றால் பக்கத்தில் ஒரு பலகை வைத்தாலும் சரி, ஆனால் கூட வேலை பார்த்தவர்களோடு, கப்பல் வாரியாக. முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்