செம்மண் போய் ஆற்றுமணல் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விருதம்பட்டில் இருபத்திரண்டு வருஷமாக டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை, கடன் நோட்டில் பெயரும் தொகையும் எழுதுவதோடு சரி. பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

காடு மேட்டில் ஓட்டுகிற வண்டிகள் என்னிடம்தான் அதிகம் சர்வீசுக்கு வரும். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், அப்புறம் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பட்டன் டயர் மாட்டிய பழைய ஸ்பிளெண்டர். ஏர் ஃபில்டரைக் கழற்றி ஒரு தட்டுத் தட்டினால் போதும், வண்டி எங்கே போய் வந்தது என்று சொல்லிவிடுவேன். போன வருஷம் வரைக்கும் செம்மண், குங்குமம் மாதிரி விரலில் ஒட்டும். இப்போது நரநரவென்று ஆற்றுமணல். செயினில் மணல், பிரேக் டிரம்மில் மணல், ஃபோர்க் ஆயில் சீல் கிழிந்து எண்ணெய் வழிகிற இடத்திலும் மணல்.

என்ன ஆனது என்றால், ஊருக்கு வெளியே இருந்த தனியார் டர்ட் டிராக்கை, அதாவது மண்ணில் பைக் ஓட்டுகிற தளத்தை, மூடிவிட்டார்கள். பசங்கள் ஓட்டுவதை விட்டார்களா, அதுதான் இல்லை. பாலாற்றில் இறங்கிவிட்டார்கள்.

டிராக் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு ஏக்கர் மேட்டு நிலம், ஜேசிபி வைத்துக் குவித்த ஏழெட்டு மண்மேடு, வளைவுகளில் பழைய லாரி டயர் அடுக்கு, வாசலில் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் ஒரு பெரியவர் இருப்பார். காசு வாங்குவதற்கு முன்னால் காலைத்தான் பார்ப்பார். செருப்புப் போட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பிவிடுவார், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. ஹெல்மெட் கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். பெரிய மேட்டுக்கு அந்தப் பக்கம் எவனாவது விழுந்து கிடந்தால் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது இல்லையா, அதற்காக மஞ்சள் கொடியோடு ஒரு பையனை நிறுத்தியிருப்பார். எல்லா வண்டியும் ஒரே திசையில்தான் சுற்றவேண்டும். இந்த ஒரு விஷயம் எத்தனை உயிரைக் காப்பாற்றும் என்று வண்டி ஓட்டாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

பாலாற்றில் திசையும் இல்லை, கொடியும் இல்லை. மேட்டில் ஏறிக் குதிக்கிறவனுக்கு எதிரில் இன்னொருத்தன் ஏறிக்கொண்டிருப்பது தெரியாது. மணல் அள்ளிய பள்ளங்கள் சீமைக்கருவேல முள்ளுக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் வெள்ளம் போன ஆறு இது, ஒவ்வொரு தண்ணீருக்கும் தரை மாறிக்கொண்டே இருக்கும், நேற்று ஓட்டிய தடம் இன்றைக்கு இருக்காது.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் என் வாடிக்கையாளர் ஒருவரின் மகன், பத்தொன்பது வயது, சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அப்படி ஒரு பள்ளத்தில் போய் விழுந்தான். கூட இருந்தவன் எனக்குப் போன் செய்தான், கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். 108 சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி கரையில்தான் நிற்கமுடியும், மணலில் இறங்காது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு முழங்கால் புதைய நாங்கள் நடந்தது அரை கிலோமீட்டருக்குக் குறையாது. பையன் ஒவ்வொரு அடிக்கும் "அண்ணா மெதுவா, அண்ணா மெதுவா" என்றான். காறை எலும்பு முறிவு, கணுக்காலில் ரெண்டு இடத்தில் விரிசல். காலில் என்ன போட்டிருந்தான் தெரியுமா? ரப்பர் செருப்பு. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கிற ஷூவும் பூட்ஸும் கப்பலேறி உலகமெல்லாம் போகிறது, நம் ஊர்ப் பிள்ளை ரப்பர் செருப்போடு கியர் போடுகிறான்.

"டிராக்கில் மட்டும் சாவு இல்லையா" என்று கேட்பார்கள். இருக்கிறது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில், நாட்டிலேயே பேர்போன பந்தயத்தளத்தில், பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பைக் பந்தயத்தில் விழுந்து இறந்தான். ஆம்புலன்ஸ் அங்கேயே இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் டிராக் இருந்தால் எல்லாம் பத்திரம் என்று நான் சொல்லவில்லை. பதின்மூன்று வயதில் அந்த வேகம் வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம்தான். நான் சொல்வது, விழுந்தவனைத் தூக்க ஆள் வேண்டும் என்பது. டக்கார் ராலி என்கிற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் பெங்களூரு சி.எஸ். சந்தோஷ், 2021-ல் சவுதி பாலைவனத்தில் தலையில் அடிபட்டு விழுந்தார். பின்னால் வந்த வீரர்கள் போட்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார்கள், ஹெலிகாப்டர் வந்து ரியாத் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது, பிழைத்தார். நடுப் பாலைவனத்துக்கு ஆள் வந்துசேர்கிறது, காட்பாடி பாலத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விழுந்தவனிடம் வரமுடியவில்லை. அதே சந்தோஷ்தான் கோலார் பக்கம் மண் ஓட்டத்துக்கென்றே ஒரு பயிற்சி மைதானம் தொடங்கினார். கோலார் என்ன சீமையா, நம் பக்கத்து ஊர்.

மூடச் சொன்னவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். டிராக்கை ஒட்டி ஒரு களம், அங்கே ஒரு அம்மா மல்லாட்டை (நிலக்கடலை) காயப்போடுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தால் மல்லாட்டை மேல் விரல்கடை அளவு தூசி. சைலன்சரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிற நாலு தறுதலைகளும் இருந்தார்கள், சத்தம் தாங்காது. டிராக் நடத்தியவர் ஒரு டேங்கர் தண்ணீர் அடித்திருந்தால், அந்த நாலு பேரை வெளியே அனுப்பியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். செய்யவில்லை. புகார் போனது, அதிகாரிகள் வந்தார்கள், லைசென்ஸ் எங்கே என்றார்கள். எந்த லைசென்ஸ் என்று இவர் கேட்டார். அதற்கு அவர்களிடமும் பதில் இல்லை. பந்தயமா, பயிற்சிப் பள்ளியா, விளையாட்டு மைதானமா, எதில் சேர்ப்பது? கடைசியில் எதிலும் சேர்க்காமல் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

மூடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் கிளியர் கிரீக் என்று ஒரு மலைப்பகுதி, மண் பைக் ஓட்டுகிறவர்கள் கூட்டமாக வந்த இடம். மூச்சில் போனால் புற்றுநோய் தருகிற ஆஸ்பெஸ்டாஸ் அந்த மண்ணிலேயே இயற்கையாக இருக்கிறது. அரசாங்க ஆட்கள் என்ன செய்தார்கள் என்றால், காற்றைப் பிடிக்கிற கருவியை உடம்பில் கட்டிக்கொண்டு அவர்களே பைக் ஓட்டி, மூச்சுக்குள் எவ்வளவு தூசி போகிறது என்று அளந்தார்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம் என்று அறிக்கை வந்தது, 2008 மே மாசம் சுமார் 31,000 ஏக்கரை மூடினார்கள். ஓட்டுகிறவர்கள் சண்டை போட்டார்கள், அது வேறு. ஆனால் காரணம் என்ன என்று காகிதத்தில் இருந்தது. ராணிப்பேட்டை குரோமியக் கழிவை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிற பக்கத்து ஊர்க்காரர்கள் நாம், தூசி கெட்டது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம். அளந்து பார்த்துவிட்டு மூடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரெண்டு லட்சத்துக்கு வண்டி வாங்கித் தருகிறீர்கள், பூட்ஸுக்கு 15,000 என்றதும் "அதெல்லாம் எதுக்கு" என்கிறீர்கள். சாதாரண ஹெல்மெட் ரோட்டுக்கு, மண்ணில் முகம் குப்புறத்தான் விழுவான், தாடையை மூடுகிற ஹெல்மெட் வேண்டும், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். பதினெட்டு ஆகாத பிள்ளை ரோட்டில் ஓட்டிப் பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தப்படி உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு. அப்புறம் உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள், பந்தயம், வேகச் சோதனை என்று வந்தால் கம்பெனி கையை விரித்துவிடும்.

கல் உடைத்து முடித்துக் கைவிட்ட குவாரிகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ கிடக்கின்றன. ஏரி வேண்டாம், காடு வேண்டாம், ஆறு வேண்டவே வேண்டாம். ஆழமில்லாத, ஊரை ஒட்டாத குவாரி நிலம் ஒன்றைக் கொடுத்து, வாசலில் அந்தப் பெரியவரைப் போல ஒருத்தரை உட்காரவைத்தால் போதும், மேட்டை நாங்களே குவித்துக்கொள்கிறோம்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்வு நாளில் மனு கொடுக்கப் பசங்களோடு நானும் போகிறேன். காறை எலும்பு முறிந்தவனும் கையைக் கட்டிக்கொண்டு வருகிறான். அன்றைக்குக் கடை மத்தியானத்துக்கு மேல்தான் திறப்பேன், வண்டி விட்டிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
விருதம்பட்டு, வேலூர்.