அலை நகர்ந்தால் மட்டும் போதாது

அன்புள்ள நண்பனுக்கு,

மின்சாரத்தின் உதவியால் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் உன் குயினோன் சோதனையின் மின்னோட்ட வரைபடத்தைப் பார்த்தேன். எலக்ட்ரான்களை ஏற்ற குயினோன் என்ற கரிமச் சேர்மம் அந்த வாயுவோடு பிணையும் என்பதுதானே உன் அடிப்படை. கார்பன் டை ஆக்சைடை ஊதியதும் குயினோனின் இரண்டாவது ஒடுக்க அலை (இரண்டாம் எலக்ட்ரானை ஏற்கும்போது வரைபடத்தில் எழும் மேடு) நேர்மின் பக்கம் நகர்ந்து முதல் அலையோடு ஒட்டிவிட்டது. வாயு பிடிபட்டது என்று அதை வைத்து எழுதிவிடாதே. கரைப்பானில் ஈரம் இருந்தாலும் அந்த அலை இப்படித்தான் நகரும். இரண்டு எலக்ட்ரான்களை ஏற்ற குயினோனான இரட்டை எதிரயனியோடு நீர் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். போதாக்குறைக்கு, அதே எதிரயனி நீரிலிருந்து புரோட்டானை எடுத்தால் மிச்சமாகும் ஹைட்ராக்சைடு வாயுவைப் பைகார்பனேட்டாக மாற்றிவிடும்.

ஆகவே உன் கரைப்பானான டிஎம்எஃப்பை 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையில் உலர்த்தி, கார்ல் ஃபிஷர் முறையில் ஈரத்தை அளந்துகொள். பிறகு நைட்ரஜனின் கீழேயே கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்த்து, அலை எவ்வளவு நகர்கிறது என்று தனியாகப் பதிவு செய். அந்த ஒப்பீடு கையில் இருந்தால்தான் உன் வரைபடத்துக்கு மதிப்பு. வெள்ளிக் கம்பியை ஒப்பு மின்முனையாக வைத்தால் மின்னழுத்தம் நிலையில்லாமல் மாறும். கடைசியில், ஒப்பீட்டுக்கு நிலையான மின்னழுத்தம் தரும் ஃபெரோசீனை ஒரு சிட்டிகை போட்டு அளவைச் சரிபார். வாயுவை அதே கரைப்பான் நிறைந்த குப்பி வழியாக விடு, இல்லையென்றால் கரைசல் வற்றிச் செறிவு ஏறிவிடும்.

2 மில்லிமோலார் (லிட்டருக்கு 2 மில்லிமோல்) குயினோன் கரைசலில் பிடிப்பின் அளவைக் காட்டலாம் என்றாயே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் டிஎம்எஃப்பில் சுமார் 0.2 மோலார் வாயு தானாகவே கரையும். 10 சதவீதக் கலவை என்றாலும் 20 மில்லிமோலார். ஒரு குயினோன் இரண்டு மூலக்கூறுகளைப் பிடித்தால்கூட உன் கணக்கு 4 மில்லிமோலார்தான். அது இரைச்சலில் மறைந்துவிடும். 0.1 மோலார் வரை கரையும் குயினோனைத் தேடு. வெளியேறும் வாயுவின் அளவீடு சமமாக நின்ற பிறகே மின்னோட்டத்தைத் தொடங்கு.

கரைசலில் மின்சாரம் கடத்த லித்தியம் உப்பு வேண்டாம். லித்தியம் இரட்டை எதிரயனியை இறுகப் பிடித்துக்கொண்டு அதன் காரத்தன்மையைக் குறைத்துவிடும். டெட்ராபியூட்டைல் அம்மோனியம் உப்பே போதும்.

மின்செலவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு எலக்ட்ரானுக்கு ஒரு மூலக்கூறு என்றால், ஒரு டன் வாயுவுக்கு, பிடிப்பதற்கும் விடுவதற்கும் இடையே 1 வோல்ட் இடைவெளியில் சுமார் 609 கிலோவாட் மணி. இரண்டு எலக்ட்ரானுக்கு ஒன்றுதான் பிடிபட்டால் இரட்டிப்பு. 2019இல் வோஸ்கியன், ஹாட்டன் என்ற ஆய்வாளர்கள் பாலிஆந்த்ராகுயினோன் என்ற குயினோன் பாலிமர் பூசிய மின்முனையில் ஒரு மோல் வாயுவுக்கு 40 முதல் 90 கிலோஜூல் காட்டினார்கள். 7000 சுழற்சிகளில் பிடிக்கும் திறனின் இழப்பு 30 சதவீதத்துக்குள் நின்றது. எனக்கு அந்த நீடிப்புதான் பெரிதாகப் படுகிறது.

உண்மையான முட்டுக்கட்டை வாயுவோடு கலந்து வரும் ஆக்சிஜன். ஃபெரோசீன் அளவில் மைனஸ் 1.3 வோல்ட் அருகே அது ஒரு எலக்ட்ரானை ஏற்று சூப்பராக்சைடு அயனியாகிவிடும். அதைவிட எதிர்மின் பக்கத்தில் ஒடுங்கும் குயினோன் தன் எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் பறிகொடுக்கும். கார்பன் டை ஆக்சைடு சூப்பராக்சைடோடும் வினைபுரிவதால் இழப்பு கூடும். குயினோனில் குளோரின் சேர்த்து மின்னழுத்தத்தை நேர்மின் பக்கம் இழுத்தால் பிடிப்பு தளரும். டெட்ராகுளோரோ பென்சோகுயினோனோடு எத்தனால் சேர்த்தால் எதிரயனி நிலைப்பட்டு, ஆக்சிஜன் ஒடுங்கும் மின்னழுத்தத்தை எட்டுமுன்பே குயினோனின் ஒடுக்கம் நடக்கிறது. நீ அடுத்து இதைத்தான் செய்து பார்க்கவேண்டும் என்பது என் விருப்பம். எத்தனாலின் அளவை மாற்றி மாற்றி, முதலில் ஆக்சிஜன் இல்லாமல், பிறகு 3 சதவீதம் கலந்து ஓட்டு. இரண்டு வரைபடங்களையும் அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்