எள்ளுக்குள் இருக்கும் நெய்

அன்பு மகள் கயலுக்கு,

நானும் அம்மாவும் நலம். பேத்தி எழுதிய முதல் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாயே, பத்து முறையாவது பார்த்திருப்பேன். ‘பாட்டி தலைக்கு எண்ணை வைத்தாள்’ என்ற வரியில் ‘ணை’யைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறாய். அடிக்காதே அம்மா. காதில் விழுந்ததை எழுதியிருக்கிறாள். இங்கே கடைப் பலகைகளிலேயே அப்படித்தான் இருக்கிறது. பத்து முறை எழுதச் சொல்வதைவிட, அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டு.

எள், நெய். ‘ள்’ளும் ‘ந’வும் அடுத்தடுத்து வரும்போது இரண்டும் குழைந்து ‘ண்ணெ’ ஆகின்றன: எண்ணெய். உள்ளே நெய் இருப்பது தெரிந்துவிட்டால் கடைசி ‘ய்’யை அவள் ஒருநாளும் விடமாட்டாள்.

நெய் என்றதும் அவளுக்குப் பசுநெய்தான் நினைவு வரும். பழந்தமிழில் பிசுபிசுப்பும் வழவழப்பும் உள்ள கொழுப்புக்கெல்லாம் அதுவே பெயர். எள்ளின் நெய் எண்ணெய் ஆனது. பிறகு தேங்காயில் எடுத்ததும் ஆமணக்கில் எடுத்ததும்கூட எண்ணெய் என்றே ஆகிவிட, எள்ளுக்குத் தன் பெயரே பொதுப்பெயராகிப் போனது. அதனால்தான் அதை நல்லெண்ணெய் என்று தனியாகச் சொல்கிறோம். மண்ணெண்ணெயைப் பார், அதில் ஓர் எள்கூட இல்லை, பெயரில் மட்டும் எள் உட்கார்ந்திருக்கிறது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

வடமொழியிலும் இதே கதைதான். திலம் என்றால் எள், அதிலிருந்து தைலம். அவள் பள்ளியில் சொல்லும் ‘ஆயில்’ கிரேக்கர்கள் ஆலிவுக்கு வைத்த பெயரிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. எந்த ஊரில் எது விளைந்ததோ அதுவே பெயர்.

உன் தாத்தா என்னைச் செக்குக்கு அழைத்துப் போவார். எள்ளோடு கருப்பட்டியும் சேர்த்து ஆட்டுவார்கள். சூடு ஆறாத பிண்ணாக்கில் ஒரு துண்டு என் கையில் கிடைக்கும். அந்த இனிப்பை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த பார்சலில் கொஞ்சம் எள் வைக்கிறேன். இரண்டு விரலுக்கிடையில் வைத்து நசுக்கிப் பார்க்கச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். வெண்ணெயை அவளே பிரித்துச் சொல்லட்டும். நீ முன்னதாகச் சொல்லிக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா