மைதானக் கதவைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும் வணக்கம்.

எந்த மைதானம், எந்தக் கதவு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்க நாங்கள் தினமும் காலையில் நடந்துவந்த பள்ளிக்கூட மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறோம். ஒரு முறை நகராட்சி அலுவலகத்தில், மறுமுறை திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில். இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு பத்திரமாக இருக்கிறது. "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலும் இருக்கிறது. பூட்டும் அப்படியே இருக்கிறது. ஐந்தாவது மாதம் நடக்கிறது. அதனால்தான் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் தையல்கார அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மனுவில் அதற்கு இடமில்லை.

அக்காவுக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. பாதம் இரண்டும் மரத்துப் போய்விட்டது. சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது. மருத்துவமனையில் சொன்னபடி, மரத்துப்போன பாதத்துக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு மைதானத்து மண்ணில் நடந்துகொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. கதவைப் பூட்டிய பிறகு எங்களோடு பைபாஸ் ஓரத்தில் நடக்க வந்தார். காலை ஐந்தரை மணி இருட்டு. எதிரே வரும் லாரி வெளிச்சம் கண்ணைக் குத்தும்போது எல்லோரும் தார் ரோட்டை விட்டு ஓரத்துக்கு இறங்குவோம். அந்த ஓரத்தில் என்னென்ன கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

அன்று வீட்டுக்குப் போய்க் குளித்து, சமைத்து, மெஷினில் உட்கார்ந்து இரண்டு ஜாக்கெட் தைத்திருக்கிறார். பதினொரு மணிவாக்கில் பெடல் வழுக்கியிருக்கிறது. மெஷின் எண்ணெய் கொட்டிவிட்டதோ என்று குனிந்து பார்த்திருக்கிறார். எண்ணெய் இல்லை, அவருடைய ரத்தம். பாட்டில் சில்லு ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் இறங்கி ஐந்து மணி நேரமாக உள்ளேயே இருந்திருக்கிறது. வலி தெரிந்தால்தானே பார்ப்பதற்கு?

புண் ஆறவில்லை. அரசு மருத்துவமனையில் பத்தொன்பது நாள் இருந்தார். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மருத்துவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பாதத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததே அவர்கள்தான். ஆனால் பெடல் மிதித்துத்தான் அந்த வீட்டில் சோறு பொங்குகிறது. இப்போது இடது காலால் மிதித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். தையல் கோணலாகப் போகிறது என்று வந்த துணியைத் திருப்பி அனுப்புகிறார்.

பைபாஸுக்குப் போனது எங்கள் விருப்பமல்ல, ஐயா. கதவைத் திறந்துவிடுங்கள்.

பூட்டியதற்கான காரணமும் தெரியும். இரவில் சிலர் உள்ளே வந்து குடித்துவிட்டு பாட்டில்களை உடைத்துப் போட்டுப் போனார்கள். பிள்ளைகள் விளையாடும் இடம், தலைமையாசிரியருக்குக் கோபம் வந்தது நியாயம். எங்களுக்கும்தான் வந்தது. வாரம் தவறாமல் அந்த பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்தது நாங்கள். ஆனால் இரவில் வருகிறவர்களுக்குச் சுவர் ஏறத் தெரியும். பூட்டுப் போட்ட பிறகும் பாட்டில் கிடக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அறுபது வயதில் எங்களால் சுவர் ஏற முடியாது. பூட்டு எங்களை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறது.

ஆறு பேராகத் தொடங்கியவர்கள் நாங்கள். பூட்டுப் போட்ட அன்று நாற்பத்து மூன்று பேர். பூ கட்டுகிறவர்கள், இட்லிக்கடை வைத்திருப்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர். ஐந்தேகால் மணிக்கு வந்துவிடுவோம். நாற்பது நிமிடம் கைவீசி நடை. பிறகு வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்து, முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் மருந்து என்பேன். தட்டில் முதலில் காயும் கீரையும், பிறகு சோறு, அதுவும் ஒரு கரண்டி. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். டீயில் சர்க்கரை இல்லை. கேழ்வரகு என்றாலும் களியை மூன்று உருண்டை சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் என்பதை எங்களில் ஒருவர் தன் உடம்பில் பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா மாதம் ஒருமுறை குளுக்கோமீட்டரோடு வந்து விரல் குத்திப் பார்த்து நோட்டில் எழுதுவார்.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. எனக்கே மூன்று மாதச் சராசரி சர்க்கரை (ரத்தப் பரிசோதனையில் எச்.பி.ஏ.1சி என்று சதவீதத்தில் எழுதுவார்களே, அது) 8.9 இருந்தது, ஒன்றரை வருடத்தில் 6.6க்கு வந்தது. மாத்திரையை மருத்துவரே பாதியாகக் குறைத்தார். யாரும் தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பது எங்கள் குழுவின் முதல் கட்டளை. பூட்டுப் போட்ட பிறகு வந்த கடைசி சோதனையில் எனக்கு 7.8. நடக்க வருகிறவர்கள் இப்போது ஒன்பது பேர். வேப்பமரத்தடியும் இல்லை, சாப்பாட்டுக் கணக்கும் இல்லை.

ஏதோ பெண்கள் பொழுதுபோக்குக்கு நடக்கிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் பேசினாராம். அவருக்காகச் சொல்கிறேன். நம் சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்து 2006இல் வெளியானது. சர்க்கரை நோய் எல்லையில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. தினமும் அரைமணி நேரம் வேகமாக நடந்து, உணவையும் மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய இதே பலன். அதாவது நடையும் சாப்பாடும் மாத்திரைக்கு ஈடாக நின்றிருக்கின்றன. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில் நடையும் எடைக் குறைப்பும் மாத்திரையையே முந்தின. நோய் வந்து ஆறு வருடத்துக்குள் எடையை நன்றாகக் குறைத்தால் மருந்தில்லாமலே சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்று 2017இல் பிரிட்டனில் காட்டினார்கள். அங்கே சாதாரண குடும்ப மருத்துவர்கள் மூலம் அந்த எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரு வருடத்தில் அது நடந்தது. இவையெல்லாம் தனியாளாக வீட்டில் உட்கார்ந்து சாதித்தவை அல்ல. விடாமல் பின்னால் நின்று கேட்க ஆள் இருந்ததால் நடந்தவை. எங்களுக்கு அந்த ஆள் வேப்பமரத்தடியில் இருந்தார்கள்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து எங்கள் தெருவுக்கே மாத்திரை வருகிறது. அதற்கு நன்றியோடு இருக்கிறோம், அந்தத் திட்டத்துப் பெண்கள் வெயிலில் படியேறுவதைப் பார்க்கிறோம். மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையும் 2023இல் தொடங்கினார்கள். எங்களுக்கு அது மாவட்டத் தலைநகரில் இருக்கிறது, பஸ்ஸில் ஒரு மணி நேரம். நடப்பதற்காக பஸ் ஏறி, திரும்பி வந்து, யார் ஏழு மணிக்கு இட்லிக்கடை திறப்பது?

ஊருக்குள் வேறு இடம் எங்கே? ஒவ்வொரு லே-அவுட்டிலும் பூங்கா என்று வரைபடத்தில் பச்சை அடித்திருக்கிறது. போய்ப் பார்த்தால் முள்செடி, இல்லாவிட்டால் யாரோ நிறுத்திய டிராக்டர். இருக்கும் ஒரே பூங்காவைக் காலை பத்து மணிக்குத்தான் திறக்கிறார்கள். பத்து மணிக்கு எங்களில் யார் வீட்டில் இருக்கிறார்கள்? பணம் இருப்பவர்கள் ஜிம்முக்குப் போகிறார்கள். பேக்கரி மட்டும் தெருவுக்கு மூன்று திறந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலிலேயே பிள்ளைகள் பாட்டில் பாட்டிலாகச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கிறார்கள். நாளைக்கு அந்தப் பிள்ளைகளும் எங்களைப் போல மாத்திரைக்கு நோட்டு வைத்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்க வந்தது ஒன்றுதான்.

காலை ஐந்து மணியிலிருந்து ஆறே முக்கால் வரை மைதானக் கதவைத் திறந்துவிடுங்கள். செலவு ஒன்றுமில்லை. சாவிக்கு எங்களில் இருவர் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். வருகிறவர்கள் பெயரை நோட்டில் எழுதி மாதக் கடைசியில் தலைமையாசிரியரிடம் காட்டுகிறோம். பிள்ளைகள் வருவதற்குள் மைதானத்தைக் கூட்டி, கிடப்பதைப் பொறுக்கிவிட்டுப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுகிறோம். முடியுமானால் கிழக்கு மூலையில் எரியாத அந்த விளக்கை மட்டும் மாற்றிக் கொடுங்கள். முடியாவிட்டால் டார்ச் கொண்டு வருகிறோம்.

வருகிற திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு நாங்கள் கதவருகே வந்து நிற்போம். கோஷம் போட மாட்டோம். தையல்கார அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரால் இப்போது அதிக நேரம் நிற்க முடியாது. அதற்குள் சாவியை அனுப்பி வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காலை நடைக் குழுவினர் சார்பாக,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்