தேக்கு மரத்தில் கோணலாக வெட்டும் மைட்டர் கட்டரை மாற்றித் தரக் கோரிப் புகார்

காரைக்குடி
10.03.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: 2024 நவம்பரில் வாங்கிய, பிரேம் சட்டத்தின் முனைகளை 45 டிகிரியில் வெட்டும் கால்மிதி மைட்டர் கட்டரின் பழுது, அதற்கு உங்கள் ஆட்கள் சொன்ன பதில்கள் பற்றி.

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடியில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு இதுதான் தொழில். 2024 நவம்பர் 18-ம் தேதி உங்கள் சென்னை ஷோரூமுக்கு நேரில் வந்து, காலால் மிதித்து வெட்டும் மைட்டர் கட்டர் ஒன்றும், மூலையில் வி-பின் (V வடிவ ஆணி) அடிக்கும் அண்டர்பின்னர் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து ஜிஎஸ்டி உட்பட 1,34,000 ரூபாய். அதில் 1 லட்சம் முத்ரா கடன், மீதி வீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்தது. பில், வாரண்டி கார்டு நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாகப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன், வேலைக்கு ஆகவில்லை. அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். நீளமாக இருந்தாலும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

அவசரப்பட்டு வாங்கிய மெஷின் இல்லை இது. அப்பா கடைசிவரை 45 டிகிரி மரப்பெட்டியும் கை ரம்பமும்தான் வைத்திருந்தார். ஒரு பிரேமுக்கு எட்டு வெட்டு. அறுத்ததை உப்புத்தாளில் தேய்த்துச் சேர்த்துப் பார்க்க ஒரு மணி நேரம் போய்விடும். எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, இரண்டு வட்ட பிளேடு வைத்த மோட்டார் கட்டிங் மெஷின். வேகம் அதிகம்தான். ஆனால் என் கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அங்கேயேதான் கண்ணாடியும் துடைக்க வேண்டும், படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் போர்டும் வெட்ட வேண்டும். மரத்தூள் பறக்கிற இடத்தில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஒரு துகள் போய் உட்கார்ந்தால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். சத்தம் வேறு, மாடியில் குடியிருக்கிறார்கள். கால்மிதி கட்டரில் தூசியும் இல்லை, கரண்டும் வேண்டாம். நல்ல பிளேடு வெட்டிய முகம் ரம்பத்தின் பல் தடம் இல்லாமல் வழவழவென்று இருக்கும், தேய்க்கவே வேண்டியதில்லை. டென்மார்க்கில் செய்யும் மோர்சோ கட்டரில் வெட்டிய மூலைகளைப் பார்த்திருக்கிறேன். அதை வாங்க எனக்கு வசதி இல்லை. அதே முறையில் செய்தது என்று உங்கள் விற்பனையாளர் சொன்னதால்தான் உங்களிடம் வந்தேன்.

அவரிடம் முதல் பேச்சிலேயே சொன்னேன்: “எங்கள் ஊரில் சிந்தடிக் பீடிங் (பிளாஸ்டிக் சட்டம்) வேலை பாதிதான். மீதி பாதி தேக்கு, அதிலும் பழைய பர்மா தேக்கு.” செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முகப்பில் நுழைந்ததும் நிலைக்கு மேலே வரிசையாகப் படங்கள் இருக்கும். ரவிவர்மா அச்சகத்தில் போட்ட லட்சுமி, சரஸ்வதி; சிலதில் அந்தக் காலத்துப் பெண்கள் சேலைக்கு ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்திருப்பார்கள். தஞ்சாவூர் ஓவியங்கள் உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்தவர்களின் போட்டோக்கள் உண்டு. எல்லாம் தேக்குச் சட்டத்தில், இரண்டு அங்குலத்துக்குக் குறையாத அகலத்தில். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்ன பதில், “தேக்கு, ரோஸ்வுட் எல்லாம் வெட்டும் சார்.” இதே வார்த்தை நவம்பர் 14-ம் தேதி வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது. பிரதி எடுத்து இணைத்திருக்கிறேன். ஷோரூமில் வெட்டிக் காட்டியது மட்டும் சிந்தடிக் பீடிங்கில். அன்றைக்கு நான் தேக்குத் துண்டு கையில் கொண்டு போகவில்லை. அது என் தவறுதான்.

டிசம்பர் முதல் வாரம் மெஷின் வந்தது. அந்த மாதம் முழுக்க சாமி படம், கல்யாணப் போட்டோ, சான்றிதழ் என்று சிந்தடிக் வேலையாகவே இருந்தது. ஒரு குறையும் இல்லை. சந்தோஷமாகவே இருந்தேன், நண்பர்களிடமும் சொன்னேன்.

ஜனவரியில் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். தை மாதக் கடைசியில் அவர்கள் வீட்டில் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்). அதற்குள் வளவில் (உள்முற்றப் பகுதியில்) இருக்கும் 14 படங்களைச் சுத்தம் செய்து மறுபடி பிரேம் போட வேண்டும் என்றார். அதில் ஒன்றை மட்டும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டு வந்திருந்தார். “எங்க ஐயா படம்ப்பா. ரங்கூன்ல எடுத்தது. பார்த்துச் செய்யி,” என்றார். போட்டோ கெட்டியான அட்டையில் ஒட்டியிருந்தது. அட்டையின் கீழ் ஓரத்தில் அந்த ஸ்டூடியோவின் பெயர் புடைப்பாக அச்சாகியிருந்தது. சட்டம் 60 மி.மீ. அகலத்தில் பர்மா தேக்கு. மூலைகளில் மட்டும் கரையான் அரித்திருந்தது, மற்ற இடமெல்லாம் இரும்பு மாதிரி இருந்தது. ஒவ்வொரு முனையிலும் 3 மி.மீ. மட்டும் சீவி எடுத்தால் போதும், சட்டத்தின் உள்பள்ளத்தில் இருக்கும் இடைவெளி அதற்கு ஈடுகொடுக்கும், அட்டையில் கை வைக்காமல் அதே சட்டத்தைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

உங்கள் கையேட்டில் உள்ளபடிதான் வெட்டினேன். ஒரே மிதியில் இறக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, கடைசியில் காகிதம் போலச் சீவி எடுத்தேன். நான்கு துண்டையும் மேஜையில் சேர்த்து வைத்தபோது மேலே நன்றாக ஒட்டியது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நகம் போகிற அளவு திறந்திருந்தது. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். இடது பிளேடு வெட்டிய முகம் மட்டும் நேராக இறங்காமல் சாய்ந்திருக்கிறது, 30 மி.மீ. உயரத்துக்கு அரை மி.மீ. சாய்வு. வலது பிளேடு வெட்டியது சரியாக இருக்கிறது. அதாவது ஒவ்வொரு மூலையிலும் ஒரு முகம் நல்லது, ஒரு முகம் கோணல்.

அடியில்தானே, தெரியாதே என்று நினைத்து அண்டர்பின்னரில் வைத்து அடித்தேன். வி-பின் கீழிருந்து ஏறி இரண்டு துண்டையும் அடியில் இழுத்துச் சேர்க்கும், அதுதான் அதன் வேலை. அடி சேர்ந்தது, அந்த இடைவெளி அப்படியே மேலே வந்துவிட்டது. படத்தைப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் கறுப்புக் கோடு மாதிரி ஒரு பிளவு.

பிறகுதான் மெஷினை நிதானமாகச் சோதித்தேன். பிளேடைத் தாங்கி மேலும் கீழும் போகிற தலைப்பகுதி, இடது பக்க வழித்தடத்தில் ஆடுகிறது. இடைவெளியை அளக்கும் பீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் 0.4 மி.மீ. போகிறது. சிந்தடிக் பீடிங் மென்மையானது, பிளேடைத் தள்ளாது, அதனால் அதில் குறை தெரியவில்லை. தேக்கு எதிர்த்துத் தள்ளுகிறது, தலை அந்த இடைவெளிக்குள் சாய்கிறது. இவ்வளவுதான் விஷயம். இது என் பயன்பாட்டால் வந்த தேய்மானம் இல்லை. ஒரு மாத சிந்தடிக் வேலையில் வார்ப்பிரும்பு தேயாது.

ஜனவரி 20-ம் தேதி உங்கள் சர்வீஸ் எண்ணுக்குப் போன் செய்தேன். பேசியவர் சொன்ன முதல் பதில், “அரை டிகிரி வரைக்கும் வரும் சார், நார்மல்தான்.” பிரேம் மெஷின் விற்கிற நிறுவனத்தில் இந்தப் பதில் வரலாமா? எட்டு வெட்டிலும் அரை அரை டிகிரி போனால் நான்கு டிகிரி. மூன்று மூலையை இறுக்கிச் சேர்த்துவிட்டு நான்காவதைப் பார்த்தால், 60 மி.மீ. சட்டத்தில் கிட்டத்தட்ட 6 மி.மீ. வாய் பிளந்து நிற்கும். சுண்டு விரலே போகும். இரண்டாவது பதில், “மக்கு வெச்சு அடைச்சு, மெழுகு தேய்ச்சு விடுங்க, தெரியாது.” இதைக் கேட்டபோதுதான் எனக்கு மனசு விட்டுப்போனது. மக்கு வைக்கத் தெரியாமல் நான் மெஷின் வாங்கவில்லை. மக்கு வைக்காமல் செய்ய வேண்டும் என்றுதான் கடன் வாங்கினேன். எங்கள் ஊர் வெயிலுக்கும், ஐப்பசி மழைக்கும் மரம் சுருங்கி விரியும். ஒரே வருடத்தில் மக்கு உதிர்ந்து விழும். அப்போது ஆச்சி வீட்டில் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள், என் பெயரைத்தான் சொல்வார்கள்.

கடைசியில் அப்பாவின் மரப்பெட்டியை எடுத்து, கையாலேயே அறுத்து முகங்களை நேராக்கினேன். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் மேலும் 12 மி.மீ. போய்விட்டது. சட்டம் சின்னதாகிவிட்டது. அட்டையை வெட்டினால் ஸ்டூடியோ பெயர் போய்விடும். அதை நான் செய்யவில்லை. புதுத் தேக்கில் வேறு சட்டம் செய்து, விழாவுக்கு இரண்டு நாள் முன்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி என்னைத் திட்டவில்லை. பழைய சட்டம் எங்கே என்று மட்டும் கேட்டார். போர் வந்தபோது ரங்கூனிலிருந்து படத்தோடு கூடவே வந்த சட்டம் அது. அந்த நான்கு துண்டும் இப்போது என் கடை அலமாரியில் இருக்கிறது. மீதி 13 படங்களையும் கையால் அறுத்தே முடித்தேன்.

பிப்ரவரி 12-ம் தேதி உங்கள் டெக்னீஷியன் வந்தார். நல்ல பையன், மரியாதையாகப் பேசினார். இரண்டு போல்ட்டை இறுக்கிவிட்டு, பையில் கொண்டுவந்த சிந்தடிக் துண்டை வெட்டி, “பாருங்க சார், பெர்ஃபெக்ட்,” என்றார். நான் தேக்கைக் கையில் கொடுத்தேன், வெட்ட மறுத்துவிட்டார். கடின மரம் வெட்டினால் வாரண்டி கிடையாது என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்களாம். உங்கள் விளம்பரத் தாளில் ‘எல்லா வகை மரங்களுக்கும்’ என்று போட்டிருக்கிறது. வாரண்டி கார்டில் பிளேடுக்கு மட்டும்தான் வாரண்டி இல்லை என்று இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். தேக்கில் சிலிக்கா இருக்கிறது, பிளேடு சீக்கிரம் மழுங்கும், சாணை பிடிக்கிற செலவு என்னுடையது. நான் பிளேடைப் பற்றிப் புகார் சொல்லவே இல்லை. தலைப்பகுதியின் வழித்தடம் பற்றிச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அண்டர்பின்னரோடு கொடுத்த 10 மி.மீ. வி-பின் பெட்டி மென்மரத்துக்கானது. தேக்கில் பாதி ஏறி மடங்கிக்கொள்கிறது. கடின மரத்துக்கான பின் வேண்டும் என்று கேட்டு, பணமும் கட்டி ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் வரவில்லை.

நான் கேட்பது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் தலைப்பகுதியையும் வழித்தடத்தையும் முழுதாக மாற்றி, என் கடையில், 60 மி.மீ. தேக்கில் நான்கு துண்டு வெட்டி, மூலைமட்டம் வைத்துக் காட்டுங்கள். அது முடியாது என்றால் இரண்டு மெஷினையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 1,34,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். கட்டர் இல்லாமல் அண்டர்பின்னர் எனக்குப் பயன்படாது. ஆச்சி வீட்டுச் சட்டத்துக்கு நான் விலை கேட்கவில்லை, அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு, கடின மரம் வெட்டாது என்பது உங்கள் முடிவு என்றால் விளம்பரத் தாளில் அதை அச்சடியுங்கள். தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ இன்னொரு கடைக்காரர் கடன் வாங்கிக்கொண்டு உங்களிடம் வரக்கூடும்.

பதில் வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். தொழிலுக்காக வாங்கியது, அதனால் நுகர்வோர் ஆக மாட்டீர்கள் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு அந்தத் தடை கிடையாது என்று தெளிவாக இருக்கிறது. கடையில் நான் ஒருவன்தான். ‘சென்னை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று பில்லில் போட்டிருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது. ஆனால் அங்கே போவதில் எனக்கு விருப்பம் இல்லை. எனக்கு வேண்டியது நேராக வெட்டுகிற மெஷின். சித்திரை பிறந்தால் கோயில் திருவிழா, கல்யாணம் என்று வேலை குவியும்.

மெஷினை எண்ணெய் போட்டு, துணி மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து பார்க்கும்வரை அதில் எதையும் கழற்ற மாட்டேன். இடது பிளேடு வெட்டிய தேக்குத் துண்டு ஒன்றும், வலது பிளேடு வெட்டியது ஒன்றும் பென்சிலில் குறித்து இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். ஒரு மூலைமட்டத்தை எடுத்து இரண்டின் மேலும் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுங்கள். பில்லில் என் எண் இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை கடையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பிரேம் கடை உரிமையாளர்,
காரைக்குடி.

இணைப்பு: பில் நகல், வாரண்டி கார்டு நகல், வாட்ஸ்அப் உரையாடல் பிரதி, மூலைகளின் போட்டோ 6, தேக்குத் துண்டு 2.