முட்டைக்குச் செடிச்சாயம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது அமிலமும் காரமும் பாடம். இந்த வார இறுதியில் அவர்கள் அவித்த முட்டைக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். சாயப்பொடி வேண்டாம், சமையலறைப் பொருள்களே போதும்.

வெள்ளை ஓடுள்ள முட்டைகளாக எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு ஓட்டில் மஞ்சளும் நீலமும் தெளிவாகத் தெரியாது. 10 முதல் 12 நிமிடம் அவித்து, ஆறியதும் சோப்பு நீரில் லேசாகக் கழுவித் துடையுங்கள். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் பிடிக்காமல் திட்டுத் திட்டாக நிற்கும்.

முதலில் ஊதா முட்டைகோஸைச் செய்யச் சொல்லுங்கள். பாதிக் கோஸை நறுக்கி, ஒரு லிட்டர் நீரில் அரை மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்பும் அலுமினியமும் நிறத்தை மாற்றிவிடும். நீர் முழுதும் ஆறிய பிறகு, 250 மி.லி.க்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விடுங்கள். ஊதா நீர் இளஞ்சிவப்பாகும். அதில் முட்டையை மூழ்கவைத்து, இரவு முழுதும் குளிர்பெட்டியில் வையுங்கள். சிவந்த நீரில் கிடந்த முட்டை காலையில் நீலமாக இருக்கும்! ஓடு கால்சியம் கார்பனேட். அது வினிகரின் அமிலத்தைத் தணிக்கிறது. அமிலம் தணிந்த இடத்தில் கோஸின் நிறமி நீலமாகிறது. இதைத் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். பிள்ளையே பார்த்து, ஏன் என்று கேட்கட்டும். ஓட்டின் மேல் எழும் சிறு குமிழ்கள் கரியமில வாயு. அதையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

வெங்காயச் சருகு தவறவே தவறாது. பத்துப் பன்னிரண்டு வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒரு லிட்டர் நீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, கோஸுக்குச் சொன்ன அளவிலேயே வினிகர் சேர்த்தால், அரை மணி ஊறலில் ஆரஞ்சு, இரவு முழுதும் ஊறினால் செங்கல் நிறம். மஞ்சள் தூள் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி. அது நீரில் சரியாகக் கரையாது என்பதால் துணியில் வடிகட்டாவிட்டால் முட்டையில் புள்ளி விழும். வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும். மஞ்சளில் ஊறிய முட்டையைக் கோஸ் நீரில் இட்டால் பச்சை. பீட்ரூட்டை நம்ப வேண்டாம்: நீர் கடுஞ்சிவப்பாக இருந்தாலும் ஓட்டில் வெளிறிய நிறமே நிற்கும், அதிகம் கொதித்தால் பழுப்பேறும்.

நிறம் ஏறவில்லை என்று வினிகரைக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. அமிலம் மிகுந்தால் ஓட்டின் மேற்பரப்பு கரைந்து, சாயமும் பொடியாக உதிர்ந்துவிடும். கூட்ட வேண்டியது ஊறும் நேரத்தை. முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கட்டும். எடுத்ததும் தேய்க்காதீர்கள், ஈரச் சாயம் வழன்றுவிடும். கம்பித்தட்டில் தானாகக் காயட்டும். காய்ந்தபின் ஒரு துளி சமையல் எண்ணெய் தடவினால் நிறம் பளிச்சிடும்.

கொதிநீரைப் பெரியவர்களே கையாளுங்கள். முட்டையைச் சாப்பிடுவதானால், குளிர்பெட்டிக்கு வெளியே மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் உண்ண வேண்டும். ஊறும்போது விரிசல் விட்டதைச் சாப்பிட வேண்டாம்.

முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், வீட்டில் முட்டை புழங்காதவர்களும் வினிகர் சேர்க்காத கோஸ் நீரில் வெள்ளைக் காகிதத்தை நனைத்து உலர்த்தி, அதில் ஓரிடத்தில் வினிகரும் வேறிடத்தில் சமையல் சோடாக் கரைசலும் சொட்டிப் பார்க்கலாம். மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை.

திங்கட்கிழமை முட்டையைக் கொடுத்தனுப்ப வேண்டாம். பயன்படுத்திய பொருள், அளவு, ஊறிய நேரம், வந்த நிறம் ஆகியவற்றைப் பிள்ளை தன் கையால் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு போதும். எதிர்பார்த்த நிறம் வராவிட்டாலும் வந்ததையே எழுதட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்